மாண்ட்கமரி நாட்குறிப்பு: டெக்ஸ்டர் வீதியிலிருந்து ஆற்றங்கரை வரை

வியாழக்கிழமை

அட்லாண்டாவிலிருந்து 85-ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காக ஏறத்தாழ 160 மைல் வந்தால், அந்தச் சாலை மாண்ட்கமரி நகரிலேயே முடிந்துவிடுகிறது. ஜார்ஜியாவைத் தாண்டி அலபாமாவுக்குள் நுழையும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும் என்பதால், காலையில் கிளம்பிய எங்களுக்கு முற்பகல் முழுவதும் கைவசம் இருந்தது. 1846 முதல் அலபாமா மாநிலத்தின் தலைநகராக இருந்துவரும் இந்த ஊரில் இன்று சுமார் 2 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நகரின் நடுப்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். நடந்து பார்ப்பதுதான் முறையும்கூட. காரணத்தை நாளைய குறிப்பில் எழுதுகிறேன்.

இன்று டெக்ஸ்டர் வீதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேற்கு முனையில் கோர்ட் சதுக்கம், கிழக்கு முனையில் மேட்டின்மேல் வெள்ளை நிற மாநிலச் சட்டமன்றக் கட்டடம். இடையே உள்ள தூரம் கால் மணி நேர நடைதான். அமெரிக்க வரலாற்றின் இத்தனை திருப்பங்களை இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் அடக்கிவைத்திருக்கும் வேறொரு தெருவை நான் கண்டதில்லை.

சதுக்கத்தின் நடுவே 1885-இல் அமைக்கப்பட்ட நீரூற்று நிற்கிறது. உச்சியில் கிரேக்கத் தெய்வமான ஹீபியின் உருவம். சுற்றிலும் நீர் தெறிக்கும் தட்டுகள். உள்நாட்டுப் போருக்கு முன் மனிதர்களை ஏலத்தில் விற்ற சந்தை இந்த இடத்தில்தான் கூடியது. சதுக்கத்தை ஒட்டிய விண்டர் கட்டடத்திலிருந்துதான், வட மாநிலப் படையினர் வசமிருந்த சம்டர் கோட்டைமீது சுட அனுமதி தரும் தந்தி 1861 ஏப்ரல் 11 அன்று அனுப்பப்பட்டது. அடுத்த நாள் விடியலில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1955 டிசம்பர் 1 மாலையில், மாண்ட்கமரி ஃபேர் என்ற பல்பொருள் அங்காடியில் தையல் வேலை முடித்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதாகவிருந்த பேருந்தில் ஏறியதும் இதே சதுக்கத்தில்தான். அவருடைய முழு உருவச் சிலை 2019 டிசம்பர் 1 அன்று இங்கே திறக்கப்பட்டது. பீடம் உயரமாக இல்லாததால் சிலையும் நம்மோடு பேருந்துக்குக் காத்து நிற்பவரைப் போலத் தெரிகிறது.

வீதியின் மறுமுனைக்கு ஒரு தெருத் தொலைவு முன்பாக, செங்கல்லால் எழுப்பிய டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1877-இல் தொடங்கிய சபை இது. முதல் வழிபாடுகளை நடத்திய இடம், அதற்கு முன் அடிமை வணிகர் ஒருவர் மனிதர்களை அடைத்துவைத்திருந்த கொட்டடி. 1954 முதல் 1960 வரை மார்ட்டின் லூதர் கிங் இங்கே போதகராக இருந்தார். பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. அளவில் சிறிய, மரப் பலகைகளின் வாசம் வீசும் ஆலயம். 1959-இல் கிங்கும் அவருடைய மனைவி கொரெட்டாவும் இந்தியாவில் ஒரு மாத காலம் சுற்றுப்பயணம் செய்தார்கள். சென்னைக்கும் காந்திகிராமத்துக்கும் கன்னியாகுமரிக்கும்கூடச் சென்றார்கள். ஊர் திரும்பிய கையோடு, அந்த மார்ச் மாதத்துக் குருத்தோலை ஞாயிறன்று இந்த மேடையிலிருந்து அவர் ஆற்றிய அருளுரை காந்தியைப் பற்றியது. கிறிஸ்துவுக்குரிய நாளில் ஓர் இந்துவைப் பற்றிப் பேசுவதற்கு அவர் சபையாரிடம் காரணம் சொல்லித்தான் தொடங்கினார் என்பதை நினைத்தபடி, பின்வரிசை இருக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அங்கிருந்து படியேறினால் சட்டமன்றம். முகப்பு மண்டபத்தில் பித்தளையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1861 பிப்ரவரி 18 அன்று, அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றுக்கொண்ட இடம் அது. 1963 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதே இடத்தில் நின்றுதான், இனப் பிரிவினை என்றென்றைக்கும் நீடிக்கும் என்று பதவியேற்பு உரையில் முழங்கினார். அந்த முழக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டு செல்மா என்ற ஊரிலிருந்து 54 மைல் நடந்து வந்தவர்களும் வழியில் சேர்ந்தவர்களுமாக ஏறத்தாழ 25,000 பேர் இந்தப் படிகளுக்குக் கீழே நிரம்பி நின்றார்கள். அவர்களைப் படியேற விடவில்லை. கிங் வீதியில் போட்டிருந்த மேடையிலிருந்தே பேசினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

கட்டடத்தின் உள்ளே நான் அதிக நேரம் நின்றது சுழல் படிக்கட்டுகளின் அருகில். நடுத்தூண் இல்லாமல் மூன்று தளங்களுக்கு வளைந்து ஏறும் இந்த இரட்டைப் படிக்கட்டுகளை அமைத்தவர் ஹொரேஸ் கிங் என்ற பாலக் கலைஞர். அடிமையாகப் பிறந்து, 1846-இல் விடுதலை பெற்று, தென் மாநில ஆறுகள் பலவற்றின்மேல் மரப் பாலங்கள் கட்டியவர்; போருக்குப் பிறகு அலபாமா சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனவர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு படியும் தன் எடையை அடுத்த படிக்கும் சுவருக்கும் கைமாற்றிவிட்டுக் காற்றில் நிற்பது தெரிகிறது. வெளியே டேவிஸின் சிலை நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அந்தச் சிலையைத் தேடி வருபவர்கள் உள்ளே வந்து இந்தப் படிக்கட்டையும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெள்ளிக்கிழமை

நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்று நேற்று எழுதியதற்குக் காரணம் இன்றைக்குப் பார்த்த இடங்களில் இருக்கிறது. 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை, 381 நாட்கள், பார்க்ஸின் கைதையும் பேருந்துகளில் நிலவிய இனப் பிரிவினையையும் எதிர்த்து, இந்த நகரின் கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் கால் வைக்கவில்லை. பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் அவர்களே. வீட்டு வேலைக்கும் சலவைக்கும் சமையலுக்கும் தினமும் பல மைல் போய்வர வேண்டியவர்கள் ஓராண்டுக்கு மேல் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடித்தான் முதலில் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவர் கைதான இடத்திலேயே ட்ராய் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு இதைத் திறந்தது.

அன்றைய பேருந்து ஒன்றின் சன்னல்களில் அந்த மாலை நேரத்து நிகழ்ச்சியைப் படமாக ஓடவிட்டு, ஓட்டுநர் எழுந்து வருவதையும் பார்க்ஸ் மறுப்பதையும் நாம் தெருவில் நின்று பார்ப்பதுபோல் காட்டுகிறார்கள். (அவர் உண்மையில் அமர்ந்திருந்த 2857-ஆம் எண் பேருந்து மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) அவர் வெள்ளையருக்கென ஒதுக்கிய வரிசையில் உட்காரவில்லை, அதற்கு அடுத்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். முன்வரிசைகள் நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்க நேர்ந்ததும், அவருக்காக அந்த வரிசையில் இருந்த நால்வரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள். பார்க்ஸுக்கு விதித்த தண்டனை 10 டாலர் அபராதம், 4 டாலர் நீதிமன்றச் செலவு. அவருக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இதே குற்றத்துக்காகக் கைதானதையும் அருங்காட்சியகம் சொல்கிறது.

கைதுச் செய்தி பரவிய அன்றிரவு நடந்ததை நான் இதற்கு முன் சரியாக அறிந்திருக்கவில்லை. அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியையும் பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவியுமான ஜோ ஆன் ராபின்சன், நள்ளிரவில் கல்லூரிக்குச் சென்று, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியும்வரை ஓட்டி எடுத்தார். உடன் இருந்தவர்கள் சக பேராசிரியர் ஒருவரும் மாணவர்கள் இருவரும். காலையில் வகுப்பு எடுத்துவிட்டு, கட்டுகளைக் காரில் ஏற்றிப் பள்ளிகளிலும் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் சேர்த்தார். அரசுக் கல்லூரியின் தாளையும் மையையும் பயன்படுத்தியது தெரிந்தால் அவருடைய வேலை போயிருக்கும். பேருந்துகளில் அவமதிப்பு தொடர்ந்தால் புறக்கணிப்பு வரும் என்று நகர மேயருக்கு 1954 மே மாதத்திலேயே கடிதம் எழுதியவர் அவர். ஆகவே இந்தப் போராட்டம் களைத்துப்போன ஒரு பெண்ணின் திடீர் மறுப்பில் பிறந்தது என்ற பாடப்புத்தகக் கதையை இனி என்னால் ஏற்க முடியாது. பார்க்ஸ் அதற்கு முன் பல ஆண்டுகள் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் கிளைச் செயலாளராக உழைத்தவர்.

புறக்கணிப்பை நிலைநிறுத்தியது போக்குவரத்து ஏற்பாடு. தொடக்கத்தில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட் மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணத்தை வாங்கியே தீர வேண்டும் என்று நகர நிர்வாகம் நெருக்கியதும், சொந்தக் கார்களைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 300 கார்கள், ஏறும் இடங்கள், இறங்கும் இடங்கள், நேர அட்டவணை என்று ஒரு முழுப் போக்குவரத்துக் கழகமே உருவானது. தேவாலயங்களின் பெயரில் பெரிய ஸ்டேஷன் வேகன் வண்டிகளை வாங்கினார்கள். உள்ளூர் நிறுவனங்கள் காப்பீட்டை நீக்கியபோது, லண்டனின் லாய்ட்ஸ் மூலம் காப்பீடு பெற்றார்கள். 1955-ஆம் ஆண்டு ஸ்டேஷன் வேகன் ஒன்றைப் புதுப்பித்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் தேவாலயத்தின் பெயர். உள்ளே மூன்று வரிசை இருக்கைகள். அந்த இருக்கைகளில் நெருக்கி உட்கார்ந்து வேலைக்குப் போன பெண்களின் பெயர்களை யாரும் பட்டியலிட்டு வைக்கவில்லை.

பிற்பகலில் தெற்கு ஜாக்சன் தெருவில், புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய கிங்கின் குடும்பத்தினர் வாழ்ந்த போதகர் இல்லத்துக்குச் சென்றோம். வெள்ளைப் பலகைச் சுவர், அகலமான திண்ணை, சிறு தோட்டம் என்று அத்தெருவின் மற்ற வீடுகளைப் போலவே இருக்கிறது. 1956 ஜனவரி 30 இரவு இந்தத் திண்ணையில் வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே கொரெட்டாவும், பிறந்து சில வாரங்களே ஆன மகளும், வந்திருந்த ஒரு தோழியும் இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. குண்டு விழுந்த பள்ளத்தை இன்னும் திண்ணைத் தரையில் காணலாம். ஒரு உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அளவு என்பதே என்னைத் திடுக்கிட வைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், கொலை மிரட்டல் தொலைபேசி அழைப்பு வந்த ஒரு நள்ளிரவில், கிங் சமையலறை மேசையில் காப்பியோடு தனியே உட்கார்ந்து, இனித் தன்னால் முடியாது என்று வாய்விட்டு ஜெபித்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சமையலறையை அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள்: சிறிய மேசை, சன்னல், அடுப்பு. சுற்றிக் காட்டிய அம்மையார் அந்த இடத்தில் விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டு எங்களை நிற்கவிட்டார்.

சமையலறை என்றதும் ஜார்ஜியா கில்மோர் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. உணவகமொன்றில் சமையல் வேலை பார்த்த அவர், புறக்கணிப்பை நடத்தியதற்காக 1956-இல் கிங்மீது நடந்த வழக்கில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன்னை நடத்திய விதத்தைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். வேலை போனது. அதன்பின் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்றார். அவரும் தோழியரும் கேக்கும், ‘பை’ எனும் இனிப்புப் பண்டமும், கோழி வறுவல் சாண்ட்விச்சும் செய்து, அழகு நிலையங்களிலும் கூட்டங்களிலும் விற்று, பணத்தைப் போராட்ட நிதியில் சேர்த்தார்கள். எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்றே பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தங்கள் குழுவுக்கும் அதே பொருளில் பெயர் வைத்தார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களுக்கு அது பாதுகாப்பு. அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டதில் இந்தப் பெண்களின் காசும் உண்டு. அவர் வீடிருந்த டெரிகோட் தெருவில் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது; நகர வரைபடங்களில் அதற்கு முதலிடம் தருவதில்லை. நான் தருவேன்.

வழக்கில் வென்றவர்களும் பெண்களே. ஒரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகியோர் சார்பில் இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தொடுத்த வழக்கில்தான், பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிரே வளர்ந்த தெருவுக்கு ஜெஃபர்சன் டேவிஸின் பெயர் இருந்தது. 2021-இல் நகராட்சி அதைக் கிரேயின் பெயருக்கு மாற்றியது. நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக மாநில அரசு நகராட்சிக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. இன்று மாலை அந்தத் தெருப் பலகையைத் தேடிச்சென்று படம் எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை

இன்றைய நாளைப் பற்றிச் சுருக்கமாக எழுத முயன்றேன், முடியவில்லை.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் 1989-இல் தொடங்கிய சம நீதி முன்முயற்சி என்ற அமைப்பு, மரபு அருங்காட்சியகத்தையும் அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தையும் 2018 ஏப்ரலில் திறந்தது. அருங்காட்சியகம் 2021-இல் இப்போதைய பெரிய கட்டடத்துக்கு மாறியது. முன்பு அடிமைகளைக் கொண்டு பருத்தி மூட்டைகளைக் கையாண்ட கிடங்கு இருந்த மனை அது. நுழைந்ததும் அட்லாண்டிக் கடலின் அலை ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நம்மை நோக்கி வருகிறது. கடலுக்குக் குறுக்கே கடத்தப்பட்ட ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்களில் சுமார் 20 லட்சம் பேர் வழியிலேயே இறந்துபோனார்கள் என்பதைப் படித்துவிட்டு அடுத்த அறைக்குள் கால் வைத்தால், கடலடி மணலில் புதைந்தவையாகக் கழுத்து வரையிலான சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன; கானா நாட்டுச் சிற்பி க்வாமே அகோட்டோ-பாம்ஃபோ செய்தவை. படம் எடுக்க அனுமதி இல்லை. அது சரியான விதி.

1808-இல் வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு உள்நாட்டு வணிகம் பெருகியது; ஆற்றில் நீராவிப் படகுகளும் பிறகு ரயிலும் வந்து சேர, மாண்ட்கமரி அலபாமாவின் முதன்மை அடிமைச் சந்தையாக மாறியது. 1860-இல் இந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அடிமைகள். நேற்று முன்தினம் நீரூற்றைச் சுற்றி நடந்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. பருத்திப் பணத்தில் எழுந்த நகரம் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பணத்தின் முதலீடு மனிதர்களே என்பதை இங்கே பேரேடுகளும் ஏல விளம்பரங்களும் காட்டுகின்றன.

ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். கும்பல் படுகொலை நிகழ்ந்த இடங்களிலிருந்து, இறந்தவரின் உறவினர்களும் ஊர்க்காரர்களும் தாங்களே போய்த் தோண்டி எடுத்த மண் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. மேலே பெயர், ஊர், தேதி. செம்மண், கரிசல், சாம்பல் நிற மணல், வேர்நார் கலந்த பழுப்பு என்று அருகருகே நிற்கும் இரண்டு ஜாடிகளில்கூட மண் ஒரே நிறமாக இல்லை. சிலவற்றில் பெயர் இல்லாமல் ‘அறியப்படாதவர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இலவசப் பேருந்தில் ஏறி நினைவிடத்துக்குப் போனோம். ஆறு ஏக்கர் மேட்டுநிலத்தில், 1877-க்கும் 1950-க்கும் இடையே கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் அதிகமான கறுப்பின மக்களின் பெயர்கள், கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் தூண்கள் தரையில் நிற்கின்றன. பெயர்கள் கண்ணுக்கு நேராக இருப்பதால் நின்று படிக்கலாம். நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்குகிறது; தூண்கள் உயரத்திலேயே இருந்துவிடுகின்றன. மூன்றாம் பக்கம் திரும்பும்போது அத்தனையும் தலைக்கு மேல் தொங்குகின்றன. பெயர்களைப் படிக்க முடியாமல் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து நிற்கும்போதுதான், இந்தக் கொலைகளை அண்ணாந்து வேடிக்கை பார்த்த கூட்டத்தின் இடத்தில் நாம் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று விளங்குகிறது.

சுவர்ப் பலகைகளில் கொலைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் ஒற்றை வரிகளாக இருக்கின்றன. 1933-இல் பர்மிங்ஹாமில், தன்மீது கல்லெறிந்த வெள்ளைச் சிறுவர்களைக் கண்டித்ததற்காக எலிசபெத் லாரன்ஸ் கொல்லப்பட்டார். 1940-இல் லூவர்ன் என்ற ஊரில், வெள்ளைக் காவலர் ஒருவரை ‘மிஸ்டர்’ என்ற மரியாதை அடைமொழி இல்லாமல் அழைத்ததற்காக ஜெஸ்ஸி தார்ன்டன் கொல்லப்பட்டார். யாரை எப்படி விளிக்க வேண்டும் என்பதற்காக உயிர் பறிக்கும் ஊர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வரிக்கு உரை தேவைப்படாது. என் மனைவி அதன் முன் நெடுநேரம் நின்றாள். வெளியே, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் புல்வெளியில் படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. அந்தந்தக் கவுண்டியினர் வந்து எடுத்துச்சென்று தங்கள் ஊரில் நாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலானவை இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

மாலையில், மாயா லின் வடிவமைத்து 1989-இல் திறக்கப்பட்ட குடிமை உரிமைகள் இயக்க நினைவுச் சின்னத்தையும் பார்த்தோம். வட்டமான கருங்கல் மேசைமேல் மெல்லிய நீர்ப்படலம் ஓடுகிறது. இயக்கத்தில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை நீருக்கடியில் விரலால் தொட்டுப் படிக்கலாம். அதற்குமேல் இன்று எதையும் பார்க்கத் தெம்பில்லை. ஒரு சிறு உணவகத்தில் வறுத்த கெளுத்தி மீனும், வேகவைத்த கீரையும், சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை

அலபாமா ஆற்றங்கரையில் 2024-இல் திறக்கப்பட்ட விடுதலை நினைவுச் சிற்பப் பூங்கா 17 ஏக்கர் பரப்புள்ளது. மரங்களுக்கு இடையே சிற்பங்கள், பருத்தித் தோட்டமொன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அடிமைக் குடில்கள், அருகே இன்றும் ரயில் ஓடும் தண்டவாளம். பாதை முடியும் இடத்தில் 43 அடி உயரச் சுவர் ஒன்று, விரித்த புத்தகத்தின் வடிவில். அடிமைகளாயிருந்தவர்கள் குடும்பப் பெயரோடு முதன்முதலாகப் பதிவானது 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். அதிலிருந்து தொகுத்த 1,22,000 குடும்பப் பெயர்களை இதில் செதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அருகில் ஒரு பெரிய குடும்பம் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி கண்டுபிடித்துக் கூவியதும் பாட்டி முதல் பேரன் வரை ஓடிவந்து அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். நேற்றைய நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்கும் தேவையாக இருந்தது.

திரும்பும் வழியில் ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில் நாட்டுப்புற இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் சமாதியைப் பார்த்தோம். 1953 புத்தாண்டு நாளில் 29 வயதில் இறந்தவர். அவருடைய இறுதிச் சடங்குக்கு இந்த ஊரே திரண்டது. ரசிகர்கள் மலர்களும் கிட்டார் மீட்டும் வில்லைகளும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிறுவனாக இருந்த அவருக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். 1939-இல் வறுமையில் இறந்த பெய்ன், இதே நகரின் லிங்கன் கல்லறையில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார். அவர் நினைவாகப் பிற்காலத்தில் ஒரு கல் நட்டார்கள். ஹேங்கைப் பார்க்க வருபவர்கள் அங்கேயும் போக வேண்டும்.

வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சட்டமன்றத்தையும் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தையும் வாரநாட்களில் பார்த்துவிடுவது நல்லது. போதகர் இல்லத்துக்கு முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சம நீதி அமைப்பின் மூன்று இடங்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் 5 டாலர்தான். திங்களும் செவ்வாயும் விடுமுறை. அருங்காட்சியகத்தை முதலிலும் நினைவிடத்தைப் பிறகும் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். கோடையில் வெயில் கடுமை என்பதால் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நாளை 80-ஆம் எண் நெடுஞ்சாலையில், 1965-இல் அவர்கள் நடந்து வந்த வழியில் எதிர்த்திசையாகச் செல்மாவுக்குப் புறப்படுகிறோம்.